கோலே ஜோல்

பாதியில் ஏன் திரும்பி வந்தீர்கள் என்று யார் கேட்டாலும் என் பெண் ஒரே பதிலைத்தான் சொல்கிறாள். "இன்ஜின் படுத்துடுச்சு." அது பொய்யில்லை, இன்ஜின் படுத்தது நிஜம்தான். ஆனால் அது தானாகப் படுக்கவில்லை. அது அவளுக்குத் தெரியும், படகில் கூட வந்த மாஜிக்குத் தெரியும், எனக்கும் தெரியும். அவர்கள் இரண்டு பேரும் வாயைத் திறக்கமாட்டார்கள். திட்டியிருந்தால்கூட இதற்குள் ஆறியிருக்கும். திட்டாமல் விட்டதுதான் உள்ளே கிடந்து உறுத்துகிறது.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நான் நாலாவது வரை படித்தவள். தமிழை எழுத்துக் கூட்டி வாசிப்பேன், இப்படி மெதுவாக எழுதுவேன். கல்யாணமாகிக் கல்கத்தாவுக்கு வந்தேன், அவருக்குக் கார்டன் ரீச்சில் ரயில்வே ஆபீசில் வேலை. வங்காளத்தை நான் யாரிடமும் உட்கார்ந்து கற்றுக்கொள்ளவில்லை. காய்கறிக்காரரிடம், பௌதி என்று நான் கூப்பிடும் பக்கத்து வீட்டு அண்ணியிடம், ரேஷன் கடை வரிசையில் என்று எல்லாம் காதால் பிடித்ததுதான். குவார்ட்டர்ஸுக்குப் புதிதாக வருகிற தமிழ்க் குடும்பங்களுக்கு ஆஸ்பத்திரியா, பள்ளிக்கூடமா, நான்தான் கூடப் போய்ப் பேசிக் கொடுப்பேன். "அக்காவைக் கூட்டிட்டுப் போங்க, வங்காளத்துக்காரங்களே பேச்சில தோத்துடுவாங்க" என்பார்கள். நானும் அப்படியெல்லாம் இல்லை என்று ஒருநாளும் சொன்னதில்லை.

எங்களுக்கு ஒரே பெண். இன்ஜினியருக்குப் படித்து, நியூ டவுனில் வேலை பார்த்து, அங்கேயே ஃப்ளாட்டும் வாங்கினாள். கல்யாணம் வேண்டாம் என்றாள், விட்டுவிட்டோம். அவர் போன பிறகு நான் அவளோடுதான் இருக்கிறேன். அவளுக்கு வேறு எதிலும் ஆசை கிடையாது, ஒரு படகைத் தவிர. கார்டன் ரீச் பக்கம் கங்கைக் கரைச் சேற்றில் சாய்ந்து கிடந்த பழைய பாய்மரப் படகு. வருஷக்கணக்காக ஞாயிற்றுக்கிழமை என்றால் அங்கேதான் இருப்பாள். சுரண்டுவாள், பெயின்ட் அடிப்பாள், இன்ஜினைப் பிரித்து மாட்டுவாள். வீட்டுக்கு வரும்போது காதுமடலில்கூட கிரீஸ் இருக்கும்.

அந்தப் படகைக் கங்கை முகத்துவாரம் வழியாகக் கடலில் இறக்கி, கரையோரமாகவே சென்னை வரை கொண்டுபோக வேண்டும். காற்றிலேயே போக வேண்டும், இன்ஜின் துறைமுகத்துக்குள் நுழைவதற்கு மட்டும்தான். சென்னையில் தன் கையால் கொண்டுபோய்க் கட்ட வேண்டும். இதுதான் அவளுடைய கனவு. கார்த்திகைக்குப் பிறகுதான் காற்று வடக்கிலிருந்து தள்ளுமாம். அந்தக் காற்றும் ஆபீஸ் லீவும் ஒரே சமயத்தில் அமைவதற்கு எத்தனையோ வருஷம் ஆனது.

"படகுல மூணு பேருக்குத்தாம்மா இடம்" என்றாள்.

"மூணாவது நான்" என்றேன்.

"நீ வந்து என்ன பண்ணுவே?"

"நீங்க பிஸ்கட்டைத் தின்னுட்டே சென்னை வரைக்கும் போவீங்களா? சோறு யாரு ஆக்கறது?"

மூன்றாவது இடம் அவளுடைய சிநேகிதிக்கு என்று முன்னாலேயே முடிவாகியிருந்தது. படகு ஓட்டப் பழகின வங்காளிப் பெண், இன்ஜினும் தெரிந்தவள். அவள் என்னை மாஷிமா, அதாவது சித்தி என்றுதான் கூப்பிடுவாள். அவள்தான் பெருந்தன்மையாக, "மாஷிமாவைக் கூட்டிப் போ, நான் இன்னொரு தடவை வரேன்" என்று ஒதுங்கிக்கொண்டாள். நானும் அவள் ஒதுங்கினதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

இன்னொருவர் மாஜி. வங்காளத்தில் படகுக்காரரை மாஜி என்பார்கள். "எங்க பாஷையில மாஜின்னா பதவி போனவர்னு அர்த்தம்" என்று முதல் நாளே சொன்னேன். "எனக்குப் பதவியே வந்ததில்லையே மாஷிமா, எப்படிப் போகும்?" என்றார். நாம்கானா பக்கத்துக்காரர், மீன்பிடி டிராலரில் பாதி ஆயுளைக் கழித்தவர். வாயில் எந்நேரமும் பான். அவருக்குத் தெரியாத விஷயம் உலகத்திலேயே கிடையாது. அதில் பாதி தப்பு. ஆனால் அவர் பேச்சில் பொழுது போய்விடும்.

கிளம்பின அன்றே ஆற்றில் இன்ஜின் சூடேறியது. தண்ணீர் இழுக்கிற வாயில் ஆகாயத்தாமரை வேர் சுற்றிக்கொண்டிருந்தது. என் பெண் தலைகீழாகக் குனிந்து பிடுங்கிப் போட்டாள். சாகர் தீவைத் தாண்டிக் கடலுக்கு வந்ததும், ஆள் பிடிக்காமலே சுக்கானைத் திருப்புகிற ஒரு கருவி வைத்திருந்தாள், அது செத்துப்போனது. அதற்கப்புறம் அவளும் மாஜியும் மாற்றி மாற்றிச் சுக்கானைப் பிடிக்க வேண்டியதாயிற்று. மறுநாள் பெரிய பாயில் தையல் விட்டு ஒரு முழத்துக்குக் கிழிந்தது.

அதை நான் தைத்தேன். அவள் பாய் தைக்கிற ஊசியையும், உள்ளங்கையில் மாட்டிக்கொள்கிற தோல் பட்டையையும் எடுத்துக் கொடுத்தாள். தோல் பட்டை எனக்கு ஒத்துவரவில்லை, கழற்றிப் போட்டுவிட்டு மெழுகு தடவின நூலில் இரட்டைத் தையல் போட்டேன். பாயை ஏற்றினதும் காற்றில் விம்மி நின்றது. மாஜி பார்த்துவிட்டு, "மாஷிமா, என் வேட்டி ஒண்ணு இருக்கு" என்றார். "அதைக் கடல்ல போடும்" என்றேன். என் பெண் சிரித்தாள். எனக்குத் தலை நிற்கவில்லை. பெருமையோடு நூல் துண்டுகளையெல்லாம் கூட்டி, தரைப் பலகை இடுக்கில் தள்ளிவிட்டேன். வீட்டில் பால்கனியைக் கூட்டி மூலையில் இருக்கிற ஓட்டையில் தள்ளுவேனே, அதே மாதிரி.

அப்புறம் அடுப்படிக் குழாய் நின்றது. படகில் குடிதண்ணீர்த் தொட்டியிலிருந்து ஒரு சின்ன பம்ப் இழுத்துக் கொடுக்கும், அது முக்கிச் சத்தம் போடுமே தவிரத் தண்ணீர் வராது. கேனைச் சாய்த்துத்தான் அரிசி களைந்தேன். ஆடுகிற படகில் கேனைச் சாய்த்தால் பாதி சேலையில் விழும். மாஜி கீழே இறங்கி வரும்போதெல்லாம் அவரைப் பிடித்துக்கொள்வேன். "கோலே ஜோல் நேயி, மாஜி! கோலே ஜோல் நேயி!" குழாயில் தண்ணி இல்லை. கோல் என்றால் குழாய், ஜோல் என்றால் தண்ணீர். கல்கத்தாவில் குடும்பம் நடத்தின எவளுக்கும் இது தெரியும். குவார்ட்டர்ஸில் காலையில் கண் விழிப்பதே "கோலே ஜோல்!" என்று யாராவது மாடிப்படியில் கத்துகிற சத்தத்தில்தான். அதைக் கேட்டதும் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

"வரும் மாஷிமா, வரும். நானே சரிபண்றேன்" என்றார். குழாய் பம்பை ஒரு தடவை கழற்றியும் பார்த்தார். மாட்டினபோது ஒரு திருகு மிச்சம் இருந்தது.

அன்று மத்தியானம் நல்ல காற்று. என் பெண் வெகுநேரம் சுக்கானைப் பிடித்துவிட்டு அப்போதுதான் வந்து விழுந்திருந்தாள். ஈரச் சட்டையைக்கூட மாற்றாமல் வாய் திறந்தபடி தூங்கினாள். மாஜி பின்னால் சுக்கானில். அந்தக் காற்றில் சுக்கானை விட்டு ஒரு அடி நகர முடியாது. ஏதோ கயிறு எடுக்க, காலடியில் இருந்த பெட்டி மூடியைத் திறந்திருக்கிறார். நான் முன்னால் அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

"மாஷிமா! கோலே ஜோல்! கோலே ஜோல் ஆஷ்சே! திதிகே போலுன்!"

குழாயில் தண்ணீர் வருகிறது, அக்காவிடம் சொல்லுங்கள். திதி, அக்கா என்று அவர் சொல்வது என் பெண்ணை. என் காதில் இப்படித்தான் விழுந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். மனுஷர் எப்படியோ சரிபண்ணிவிட்டார் என்று நினைத்தேன். "ஆச்சா, ஆச்சா!" என்று குரல் கொடுத்துவிட்டுப் பானையைக் குழாய்க்குக் கீழே வைத்துக் குழாய்ப் பொத்தானை அழுத்தினேன். புஸ் என்று காற்று வந்தது. குவார்ட்டர்ஸ் குழாயும் அப்படித்தான், முதலில் காற்று, அப்புறம் செம்மண் தண்ணீர், அப்புறம்தான் நல்ல தண்ணீர். காத்திருந்தேன்.

என் பெண்ணை எழுப்பவில்லை. குழாயில் தண்ணீர் வந்ததற்காகப் பிள்ளையை எழுப்புவார்களா? போர்வையை இழுத்துவிட்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து மாஜி மறுபடி கத்தினார். "திதிகே போல்லேன்?" சொல்லிட்டீங்களா?

"ஹ்யா, ஹ்யா" என்றேன். சொல்லிட்டேன். அற்ப விஷயத்துக்கு எத்தனை தடவை கத்துவார் என்று எனக்குச் சலிப்பாக இருந்தது.

சொல்லிவிட்டேன் என்று நான் சொன்னதை நம்பி, அவர் கவலை இல்லாமல் சுக்கானைப் பிடித்துக்கொண்டு பாட ஆரம்பித்தார். இப்போது நினைத்தாலும் அந்தப் பாட்டுத்தான் காதில் வந்து நிற்கிறது.

என் பெண் தானாகவே விழித்தாள். எழுந்து உட்கார்ந்தவள் மூக்கைச் சுருக்கினாள். டீசல் வாடை. படகின் பின்பக்கம், ஏணிப்படிக்குப் பின்னால்தான் இன்ஜின். அந்தக் கதவைத் திறந்தாள். கறுப்பாக எண்ணெய் மிதக்கிற தண்ணீர் இன்ஜின் பாதி உயரத்துக்கு நின்று இப்படியும் அப்படியும் அலைமோதியது. ஒரு ஓரத்தில் பாட்டரிகள் மூழ்கிக் கிடந்தன.

அவள் கத்தின கத்தல். "ஏன் என்னைக் கூப்பிடல? கண்ணு தெரியலையா உனக்கு?" என்று வங்காளத்தில் மாஜியைப் பிடித்துக் கிழித்தாள்.

"போல்லாம் தோ திதி! மாஷிமாகே போல்லாம்!"

சொன்னேனே, மாஷிமாவிடம் சொன்னேனே என்று அவர் சொல்லவும் அவள் என் பக்கம் திரும்பினாள். பானை இன்னும் குழாய்க்குக் கீழேயே இருந்தது.

"குழாயில தண்ணி வருதுன்னுதானே சொன்னாரு" என்றேன்.

ஒரு நிமிஷம் அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு புரிந்தது. அவள் முகத்தில் கோபம் எழும்பி, எழும்பின வேகத்திலேயே எங்கோ போய்விட்டது. "அம்மா, அது கோல் இல்லம்மா. கோல்" என்றாள்.

"அதைத்தான் நானும் சொல்றேன்."

"இல்லம்மா. குழாய் வேற. இது படகோட அடிவயிறு. அதுல தண்ணின்னு சொல்லியிருக்கார். வங்காளத்துல 'க'வே பல தினுசு இருக்கு. ஒண்ணு லேசா சொல்லணும், ஒண்ணு காத்தோட சேத்து அழுத்திச் சொல்லணும்."

மாஜியும் மேலிருந்து இரண்டையும் சொல்லிக் காட்டினார். கோல், கோல். சத்தியமாகச் சொல்கிறேன், என் காதுக்கு இரண்டும் ஒரே கோல்தான். நம் எழுத்தில் ஒரே ஒரு 'க'தானே இருக்கிறது. நான் காதால் பிடித்தது அவ்வளவுதான்.

"என் தப்பு திதி, வாயில பான் இருந்தது. யாருக்குத்தான் புரியும்?" என்றார் மாஜி. நான் இரண்டாவது தடவை "ஹ்யா" என்று சொன்னதைப் பற்றி அவர் மூச்சு விடவில்லை. விடுவார் என்று காத்திருந்தேன். விடவில்லை என்றதும் நானே சொன்னேன். "அவர் மறுபடியும் கேட்டாரு. உன்கிட்ட சொல்லிட்டேன்னு சொன்னேன்."

என் பெண் என்னைப் பார்த்தாள். "சரி. பம்ப் அடி" என்றாள்.

மேலே ஏணிப்படி வாயருகே ஒரு கைப்பம்ப் இருந்தது, கைப்பிடியை முன்னும் பின்னும் தள்ள வேண்டும். நான் அடித்தேன். தோள் கழன்று விழுகிற மாதிரி இருந்தும் நிறுத்தவில்லை. அவள் அந்த எண்ணெய்த் தண்ணீரில் மண்டிபோட்டு, இன்ஜினிலிருந்து விசிறிக்குப் போகிற தண்டு படகைத் துளைத்து வெளியே போகிற இடத்தைத் தடவித் தடவிப் பார்த்தாள். அங்கேதான் ஒழுக்கு. உள்ளே சுற்றியிருந்த கயிறு தளர்ந்திருந்தது. ஸ்பேனரைப் போட்டு முறுக்கி முறுக்கிச் சொட்டுச் சொட்டாகக் குறைத்தாள். தண்ணீர் இறங்கினதும், தானாக ஓடியிருக்க வேண்டிய மின்சார பம்ப் ஏன் ஓடவில்லை என்று கையை விட்டுப் பார்த்தாள். அதன் வாயிலிருந்து வெள்ளையாக ஒரு உருண்டையை இழுத்தாள். மெழுகு தடவின நூல். நான் கூட்டித் தள்ளினது.

அதை உள்ளங்கையில் வைத்துக் கொஞ்சம் பார்த்தாள். என்னிடம் காட்டவில்லை, கேட்கவும் இல்லை. ஜன்னல் வழியாகக் கடலில் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டாள். நான் பம்ப் அடித்துக்கொண்டே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்ஜின் கிளம்பவில்லை. உப்புத் தண்ணீர் போன பாட்டரி எதற்கும் ஆகாது. ஆனால் பாய் முழுசாக இருந்தது, காற்றும் சாதகமாக இருந்தது. மாஜி, "போகலாம் திதி. பாய் இருக்கு, அரிசி இருக்கு. எங்கப்பன் காலத்துல இன்ஜின் எது, பாட்டரி எது? சென்னை வாசல்ல யாராவது இழுத்துவிடுவாங்க" என்றார். அவர் சொன்னதில் தப்பு இல்லாத பாதி அது என்று எனக்கே தெரிந்தது.

என் பெண் சுக்கானை வாங்கிப் பிடித்துக்கொண்டாள். ஒரு தடவை தெற்கே பார்த்தாள். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, என்னைப் பார்த்தாள். நான் பம்பின் கைப்பிடியில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன்.

"பாரதீப்புக்குத் திருப்பு" என்றாள். ஒடிசாக் கரையில் பக்கத்தில் இருந்த துறைமுகம் அது.

"எனக்காகத் திருப்பாதே. நான் நல்லாத்தான் இருக்கேன். போ" என்றேன்.

"உனக்காக இல்லம்மா. பாட்டரி இல்லைன்னா விளக்கு இல்ல. இருட்டுல பெரிய கப்பல் நம்மளப் பாக்காம ஏறிடும்."

அதுவும் நிஜம்தான். ஆனால் என் மனசு அதில் நிற்கவில்லை. அவள் முன்பக்கம் கயிறு சரிபண்ணப் போனபோது மாஜியிடம், "நான் இல்லேன்னா திரும்பியிருப்பாளா?" என்று கேட்டேன். எப்போதும் ஒன்றுக்கு நாலாகப் பேசுகிற மனுஷர், அப்போது வெற்றிலையை மென்றுகொண்டே காற்றைப் பார்த்தார்.

பாரதீப் வாயில் இன்ஜின் இல்லாமல் உள்ளே போக முடியவில்லை. ஒரு மீன்பிடி டிராலர் கயிறு போட்டு இழுத்தது. டிராலர் பையன்களுக்கு ஒரே வேடிக்கை, ஃபோனைத் தூக்கிப் படம் பிடித்தார்கள். பொம்பளை ஓட்டுகிற படகாம், அதில் ஒரு கிழவி வேறு. என் பெண் நேராகப் பார்த்தபடி சுக்கானைப் பிடித்திருந்தாள். தன் கையால் கொண்டுபோய்க் கட்ட வேண்டும் என்றவள், ஒருவர் கயிற்றில் இழுபட்டுக்கொண்டு துறைக்குள் போனாள்.

மெக்கானிக் பிரித்துப் பார்த்துவிட்டு, சாமான் வெளியூரிலிருந்து வர வேண்டும் என்றான். வருவதற்குள் அவள் லீவும் தீர்ந்துவிடும், காற்றும் மாறிவிடும். மாஜி பஸ் ஏறினார். ஏறும்போது என் காலைத் தொட்டுக் கும்பிட்டார். அந்தக் கும்பிடு எனக்குக் கூசியது. நாங்கள் ரயிலில் வந்தோம். படகு அங்கேயேதான் கட்டிக் கிடக்கிறது.

போன மாசம் பாலிகஞ்சில் தெரிந்த தமிழ்க் குடும்பத்தில் ஒரு சீமந்தம். பழைய குவார்ட்டர்ஸ் ஆட்களெல்லாம் வந்திருந்தார்கள். சாப்பாட்டுப் பந்தியில், பேங்கில் ஆபீசராக இருந்து ரிட்டயரான ஒருவர் எங்களுக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். "என்னம்மா, சென்னைக்குக் கிளம்பி ஒடிசாவோட திரும்பிட்டியாமே! கடலை நம்ம ஊரு சால்ட் லேக் பேட்டைன்னு நெனச்சுட்டியா?" என்றார். பந்தி முழுக்கச் சிரித்தது.

"இன்ஜின் படுத்துடுச்சு அங்கிள்" என்றாள் என் பெண், சிரித்துக்கொண்டே.

"அதான் சொல்றேன். கிளம்பறதுக்கு முன்னாடி யாராவது ஆம்பளையை விட்டு ஒரு தடவை பாத்திருக்கணும். இதெல்லாம் நமக்குச் சரிவருமா?"

அவள் தலையைக் குனிந்து பாயசத்தை வழித்தாள். வருஷக்கணக்காக அந்த இன்ஜினை நட்டு நட்டாகக் கழற்றி மாட்டினவள். என்னால் பொறுக்க முடியவில்லை.

"இன்ஜின் நல்லாத்தான் இருந்தது. அவளும் நல்லாத்தான் ஓட்டினா. கெடுத்தது நான். எனக்கு வங்காளம் சரியாத் தெரியாது" என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். அந்த வார்த்தையை நான் வாய்விட்டுச் சொன்னது வாழ்க்கையிலேயே அதுதான் முதல் தடவை.

அவ்வளவுதான், மறுபடி ஒரே சிரிப்பு. "யாருக்கு? அக்காவுக்கா?" என்றாள் ஒருத்தி. "என் பிரசவத்துக்கு டாக்டரம்மாகிட்ட சண்டை போட்டதே இவங்கதான், அதுவும் வங்காளத்துல!"

"இல்லம்மா, கேளு. கோல்னா குழாய். கோல்னா படகோட அடிவயிறு. அவர் கோல்னு சொன்னாரு, நான் கோல்னு நெனச்சுட்டேன்."

"ரெண்டும் ஒண்ணாத்தானேக்கா சொல்றீங்க!"

திரும்பச் சொன்னேன். என் வாயில் இரண்டும் ஒன்றாகத்தான் வந்தது. மூச்சை இழுத்து அழுத்திச் சொன்னேன், இருமல்தான் வந்தது. ஒருத்தி தண்ணீர் டம்ளரை நீட்டினாள். ரிட்டயர் ஆபீசர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பெத்த மனசு. பொண்ணை விட்டுக்கொடுக்காம என்னமா கதை கட்டறாங்க பாருங்க" என்றார். பேச்சு வேறு எங்கோ போய்விட்டது. சொல்ல வேண்டியதைச் சொல்லியும் சொல்லாத மாதிரியே ஆயிற்று. அவள் தலையில் இருந்ததை நான் இறக்கி வைக்கப் போய், இன்னும் ஒரு பிடி சேர்த்து வைத்துவிட்டேன்.

வீட்டுக்கு வரும்போது காரில் அவள் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"எதுக்கும்மா அங்க போய் அதெல்லாம்?"

"நீயாவது நடந்ததைச் சொல்லலாமில்ல?"

"சொன்னா? அவங்க உன்னைப் பாத்துச் சிரிப்பாங்க. அது எனக்கு வேணுமா?"

கார் பைபாஸில் ஏறியது. அப்புறம் அவளே சொன்னாள். "சாமான் வந்துடுச்சும்மா. கார்த்திகை கழிஞ்சதும் பாரதீப்லேர்ந்து மறுபடி கிளம்பறோம். லீவுக்கு எழுதிப் போட்டிருக்கேன். மாஜி வரேன்னுட்டார்."

"நல்லது."

"மூணாவதா அவளைக் கூட்டிட்டுப் போறேன்." சிநேகிதியைச் சொன்னாள். என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னாள்.

"அதான் சரி" என்றேன்.

வழிக்குப் புளிக்காய்ச்சல் கிளறித் தரட்டுமா என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை.